காந்தி படத்துக்காக லட்சம் மைல் சுற்றிய தமிழர்

காந்தியடிகள் நடக்கிறார். கையில் தடி. இடுப்பில் முழத்துண்டு. வேகமான நடை! கூட வருகிறவர்கள் அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓடுகிறார்கள்.

இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் நம் நாட்டில் அநேகமாக இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்போம். சினிமாக் கொட்டகையில் பார்த்திருப்போம். வீட்டில் டெலிவிஷனில் பார்த்திருப்போம்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட காட்சிகள் உலகத்தின் மூலைமுடுக்கில் எல்லாம் சிதறிக் கிடந்தன. லண்டனில் ஒரு துண்டு. அமெரிக்காவில் ஒரு துண்டு. பம்பாயில் ஒரு துண்டு. எடுத்தவர்கள் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். நாளாக நாளாக அவை மக்கி அழிந்துகொண்டு இருந்தன.

அவற்றை எல்லாம் தேடிப் பிடித்து, ஒரே படமாகச் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் புறப்பட்டார். அதற்காக அவர் சுற்றிய தூரம் ஒரு லட்சம் மைல்!

அவர் வெள்ளைக்காரர் அல்ல. பம்பாய்ப் படமுதலாளியும் அல்ல. நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். பெயர் ஏ.கே. செட்டியார்.

நம் சீமையின் பிள்ளை

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்கள் எல்லாம் முன்பு ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த மாவட்டம் 1910-ம் ஆண்டில் உண்டாயிற்று. 1985-ம் ஆண்டில் மூன்றாகப் பிரிந்தது.

மாவட்டம் பிறந்த மறு ஆண்டு, அதாவது 1911 நவம்பர் மாதத்தில், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ஏ.கே. செட்டியார் பிறந்தார். கருப்பன் செட்டியார் என்பது பெற்றோர் வைத்த பெயர்.

நம் சீமை வறண்ட சீமை. வானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. மழை பொய்த்தால் பிழைப்புக்கு வெளியே போயாக வேண்டும்.

கோட்டையூர்ப் பக்கத்து நகரத்தார் கப்பல் ஏறினார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று போய், கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினார்கள். விருதுநகர்ப் பக்கத்து வியாபாரிகள் பருத்தியையும் வற்றலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

சிவகாசியில் இருந்து இரண்டு வாலிபர்கள் வேறு ஒரு காரியத்துக்காகப் போனார்கள். ஐய நாடார் ஒருவர், சண்முக நாடார் ஒருவர். 1922-ம் ஆண்டில் கல்கத்தாவுக்குப் போனார்கள். சில மாதங்கள் அங்கே தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். மறு ஆண்டு சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். அன்று அவர்கள் கொண்டு வந்தது பணம் அல்ல, தொழில். அந்தத் தொழில்தான் இந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சோறு போட்டது.

ஏ.கே. செட்டியார் போனதும் ஒரு தொழிலைக் கற்கத்தான். ஆனால் அவர் போன இடம் கல்கத்தாவைவிடத் தூரம்.

ரங்கூனில் பத்திரிகை

செட்டியாருக்குச் சின்ன வயதிலேயே எழுத்தில் ஆசை. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு எழுதப் பழகுகிற வயதில் அவர் கதையும் கட்டுரையும் எழுதிப் பழகினார்.

பர்மாவின் தலைநகரமாக அன்று இருந்தது ரங்கூன். ஐராவதி ஆற்றின் கிளை ஒன்று கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள துறைமுகப் பட்டணம். 1931-ம் ஆண்டுக் கணக்குப்படி, அந்தப் பட்டணத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்! தமிழ்ப் பேச்சு தெருவெல்லாம் கேட்கும்.

அங்கிருந்து 'தனவணிகன்' என்ற தமிழ்ப் பத்திரிகை வெளிவந்தது. அதற்கு இளம் வயதிலேயே ஆசிரியரானார் செட்டியார்.

அதோடு நின்றிருந்தால் அவரும் ஒரு பத்திரிகை ஆசிரியர் என்று முடிந்திருக்கும். அவருக்குக் காமிராவின் மேல் மோகம் வந்தது. புகைப்படம் எடுக்கும் தொழிலை முறையாகப் படிக்க நினைத்தார். 1935-ம் ஆண்டு வாக்கில் ஜப்பானுக்குப் போய், டோக்கியோவில் ஒரு புகைப்படப் பள்ளியில் சேர்ந்தார். 1937-ல் அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் நகரத்துப் புகைப்படப் பள்ளியிலும் படித்தார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போகிற தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வகை. பாரிஸ்டர் படிப்புக்கோ, ஐ.சி.எஸ். பரீட்சைக்கோ போகிற பெரிய வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு வகை. படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போன தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நடுக்கடலில் பிறந்த எண்ணம்

1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி. நியூயார்க்கில் இருந்து அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக்கு ஒரு கப்பல் போய்க்கொண்டு இருந்தது. சுற்றிலும் அட்லாண்டிக் மகாசமுத்திரம். கப்பலில் ஏ.கே. செட்டியார்.

அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். ஊரில் இருந்தால் கூட்டமும் பஜனையும் நடந்திருக்கும். நடுக்கடலில் ஏது கூட்டம்?

அங்கேதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக எடுத்தால் என்ன? நடிகர்களை வைத்து அல்ல. உண்மைக் காட்சிகளைக் கொண்டே எடுக்க வேண்டும்.

அப்போது செட்டியாருக்கு வயது 25. இந்தியா அடிமை நாடு. காந்தியடிகளுக்கு 68 வயது ஆகியிருந்தது. இதற்கு முன்பு யாரும் இப்படி ஒரு படம் எடுக்கவில்லை. கையில் பெரிய முதல் இல்லை. சினிமா முதலாளிகளுக்கு இதில் லாபமும் இல்லை. பாட்டும் நடனமும் இல்லாத படத்தை யார் பார்ப்பார்கள்?

ஆனாலும் அவர் விடவில்லை. 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்று ஒரு கம்பெனியை உண்டாக்கினார். பணம் திரட்டினார். மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

காந்தி நடந்த பாதை

காந்தியடிகளின் கதை பாதி இந்தியாவில் நடந்தது. முதல் பாதி தென்ஆப்பிரிக்காவில் நடந்தது. எனவே தென்ஆப்பிரிக்காவை விட்டுவிட்டுப் படம் எடுக்க முடியாது. செட்டியார் அங்கேயும் போனார்.

அந்த நாட்டில் டர்பன் என்று ஒரு கடற்கரைப் பட்டணம் இருக்கிறது. அந்தப் பட்டணத்துக்கும் தமிழர்களுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1860-ம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையில் இருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்டார்கள். வறுமை அவர்களைக் கடல் கடத்திவிட்டது.

1893-ம் ஆண்டு மே மாதத்தில் காந்தியடிகள் அதே துறைமுகத்தில்தான் இறங்கினார். அப்போது அவர் 23 வயது வக்கீல். ஒரு வழக்குக்காகப் பிரிட்டோரியாவுக்குப் போகவேண்டி இருந்தது. வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் அவரை ரயிலில் இருந்து தள்ளினார்கள். இந்தக் கதை நமக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்த கதை பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் சார்லஸ்டவுன் என்ற ஊரோடு ரயில் பாதை நின்றுவிடும். அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை குதிரை வண்டிதான். காந்தியடிகளை வண்டிக்குள் உட்கார விடவில்லை. வெளியே, வண்டிக்காரன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். பிறகு அந்த இடமும் வேண்டும் என்றான் வண்டித் தலைவன். கால் வைக்கிற படியில் உட்காரச் சொன்னான். காந்தியடிகள் மறுத்தார். அடி விழுந்தது! கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடியைத் தாங்கினாரே தவிர, இடத்தை விடவில்லை. கடைசியில் உள்ளே இருந்த பிரயாணிகளே பரிதாபப்பட்டுத் தடுத்தார்கள்.

டர்பனில் இருந்து வடக்கே, சற்றேறக்குறைய 20 கிலோ மீட்டர் தூரத்தில் பீனிக்ஸ் ஆசிரமம் இருக்கிறது. 1904-ம் ஆண்டில் காந்தியடிகள் உண்டாக்கிய முதல் ஆசிரமம் அது. ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை. 1910-ம் ஆண்டில் காலன்பாக் என்ற ஜெர்மன் நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க்கில்தான் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதியும் இருக்கிறது. சிறையில் நோய்வாய்ப்பட்டு, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரியில், 16 வயதிலேயே உயிர்விட்ட வீராங்கனை அவர்.

காந்தியடிகள் நடந்த அந்தப் பூமிக்குச் செட்டியார் காமிராவோடு போனார். காந்தியடிகள் தென்ஆப்பிரிக்காவை விட்டு வந்து, அப்போது 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் நிறவெறி மட்டும் போகவில்லை. இந்தியர் அந்த நாட்டுக்குள் நுழைவதே கஷ்டம் என்றிருந்த காலம் அது.

பருத்தியும் படச்சுருளும்

தென்ஆப்பிரிக்கா ஒரு நாடுதான். ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என்று எல்லா இடத்திலும் தேட வேண்டி இருந்தது. 1930-ல் நடந்த தண்டி யாத்திரை, 1931-ல் காந்தியடிகள் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போனது போன்ற காட்சிகளை அந்தக் காலத்துச் செய்திப்படக்காரர்கள் எடுத்திருந்தார்கள். எங்கே இருக்கிறது என்று துப்புக் கிடைத்தால் போதும். செட்டியார் அங்கே போய் நிற்பார். கெஞ்சுவார். விலை பேசுவார்.

இப்படி மூன்று ஆண்டுகள் அலைந்தார். ஏறத்தாழ 100 காமிராக்காரர்கள், 30 ஆண்டுகளில், வெவ்வேறு நாடுகளில் எடுத்த படங்கள் சேர்ந்தன. மொத்தம் 50,000 அடி! சிவகாசியில் இருந்து சாத்தூர் போகிற சாலையில் அதை விரித்துக்கொண்டே போனால், முக்கால்வாசித் தூரம் வந்துவிடும்.

அந்தச் சுருளைச் சுமப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஏனென்றால், அந்தக் காலத்துப் படச்சுருளும் வெடிமருந்துக்குச் சொந்தக்காரன்தான்!

அது பருத்தியில் இருந்து செய்யப்பட்டது. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து எடுப்பார்கள். பக்குவம் ஒரு மாதிரி இருந்தால் படச்சுருள். அமிலம் கூடுதலாக ஏறினால் அதுவே பீரங்கிக்குப் போடுகிற வெடிப்பஞ்சு! வெடியுப்பு கலந்த மருந்து காற்றுப் புகாத குழாயிலும் எரியும் அல்லவா? அதுபோலவே, அந்தச் சுருள் எரிவதற்கும் வெளிக்காற்று தேவை இல்லை. தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. அந்தச் சுருளால் எத்தனையோ நாடுகளில் சினிமாக் கொட்டகைகள் எரிந்து போயின. 1950-க்குப் பிறகுதான் எளிதில் தீப்பிடிக்காத சுருள் முழுமையாகப் புழக்கத்துக்கு வந்தது.

தீக்கு மட்டும் அல்ல, வெயிலுக்கும் ஈரத்துக்கும் அந்தச் சுருள் தாங்காது. நாளடைவில் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாக உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட சரக்கைக் கப்பலிலும் ரயிலிலும் கொண்டுவந்து, ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, 50,000 அடியை 12,000 அடியாகச் சுருக்கினார்கள். அதாவது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம்.

தமிழ் பேசிய காந்தி படம்

1940-ம் ஆண்டு ஆகஸ்ட் 23-ந்தேதி படம் வெளிவந்தது. முதலில் எந்த மொழியில் தெரியுமா? தமிழில்! காந்தியடிகளைப் பற்றிய முதல் முழுநீள வாழ்க்கைப் படம், இங்கிலீஷ் விளக்கமோ இந்தி விளக்கமோ இல்லாமல், தமிழ் விளக்கத்தோடு வெளிவந்தது. பிறகு தெலுங்கிலும் வந்தது.

அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். உலக யுத்தம் நடந்துகொண்டு இருந்தது. விருதுநகர் காமராஜ் அந்த ஆண்டில்தான் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். ஆண்டு முடிவதற்குள் ஜெயிலுக்கும் போனார். காந்தியின் பெயரைச் சொன்னாலே போலீஸ் திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்ட நேரத்தில் வெள்ளை அரசாங்கத்தின் கண்ணுக்கு எதிரே காந்தியைத் திரையில் நடக்கவிட்டார் செட்டியார். படம் பறிமுதலானால், மூன்று ஆண்டு உழைப்பும் போட்ட முதலும் ஒரே நாளில் போய்விடும்.

எழுத்துத் தெரியாத ஏழை மக்கள் அன்று கோடிக்கணக்கில் இருந்தார்கள். பத்திரிகையில் காந்தியைப் பற்றிப் படிக்க அவர்களால் முடியாது. ஆனால் திரையில் பார்க்க முடியும். தமிழில் கேட்க முடியும். அவர்களுக்காகத்தான் அந்த லட்சம் மைல்!

1947-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நாடு விடுதலை அடைந்த நேரத்தில், அந்தப் படம் இந்தி விளக்கத்தோடு டெல்லியில் காட்டப்பட்டது. ஐந்தரை மாதத்தில், 1948 ஜனவரி 30-ந்தேதி, காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1953-ம் ஆண்டில், சுருக்கமான இங்கிலீஷ் படம் அமெரிக்காவில் வெளிவந்தது.

கடற்கரை எங்கும் தமிழர்

செட்டியாரின் கால் ஓயவில்லை. 'ஜப்பான்', 'உலகம் சுற்றும் தமிழன்', 'அமெரிக்க நாட்டிலே', 'மலேயா முதல் கனடா வரை' என்று பிரயாணப் புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காவிரி பிறக்கும் குடகு நாட்டைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார்.

அவருடைய நடை எளிய நடை. நீண்ட வாக்கியங்கள் இருக்காது. ஆடம்பரச் சொற்கள் இருக்காது. கொஞ்சம் படித்தவரும் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிடலாம். ராஜாவின் அரண்மனையைவிட, சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

'கரிபியன் கடலும் கயானாவும்' என்பது அவருடைய புத்தகங்களில் ஒன்று. நம் ஊரில் இருந்து அந்தச் சீமைக்குப் போக, பூமியில் பாதியைச் சுற்ற வேண்டும். கயானாவின் தலைநகரம் ஜார்ஜ்டவுன். கடல் பொங்கும்போது ஊர் தாழ்ந்தும் கடல் உயர்ந்தும் இருக்கும்! நீளமான ஒரு கடல் சுவர்தான் ஊரைக் காப்பாற்றுகிறது. அங்கேயும் கரும்புத் தோட்டம். அங்கேயும் கூலிகளாகப் போன இந்தியர்கள். அவர்களில் சென்னையில் கப்பல் ஏறிப் போனவர்களும் உண்டு. அவர்களுடைய சந்ததியார் தமிழை மறந்துவிட்டார்கள். ஆனால் மாரியம்மனை மறக்கவில்லை!

டர்பன் ஆகட்டும், ரங்கூன் ஆகட்டும், ஜார்ஜ்டவுன் ஆகட்டும், எந்தக் கடற்கரையில் இறங்கினாலும் நமக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்த ஓர் ஏழைத் தமிழன் இருக்கிறான். பெரிய சரித்திரப் புத்தகங்களில் அவன் பெயர் இல்லை. செட்டியாரைப் போன்றவர்கள் நேரில் போய் எழுதியதால், அவனைப் பற்றி ஊரில் உள்ளவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

காப்பாற்றியவரின் படம் காணோம்!

1943-ம் ஆண்டில் அவர் 'குமரி மலர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அது வியாபாரப் பத்திரிகை அல்ல. பழைய பத்திரிகைகளில் மறைந்து கிடந்த பாரதியாரின் எழுத்துக்களையும், நாட்டுக்கு உழைத்த மற்றவர்களைப் பற்றிய செய்திகளையும் தேடி எடுத்து அதில் வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழர்கள் எழுதிய பிரயாணக் கட்டுரைகளைத் திரட்டி, 1968-ல் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தார். முன்பு காந்தியின் படத்துக்காக உலகைச் சுற்றினார். பின்பு பழைய காகிதத்துக்காக நூல் நிலையங்களைச் சுற்றினார்.

இப்படி மற்றவர்களின் பொருளை எல்லாம் காப்பாற்றிய மனிதரின் சொந்தப் படம் என்ன ஆயிற்று?

காணாமல் போய்விட்டது! தமிழில் வெளிவந்த படத்தின் பிரதிகள் காலப்போக்கில் அழிந்தன. 1983 செப்டம்பர் 10-ந்தேதி செட்டியார் காலமானபோது, இளைய தலைமுறைக்கு அப்படி ஒரு படம் இருந்ததே தெரியாது.

அவருடைய குணமும் அதற்கு ஒரு காரணம். புகைப்படக் கலையை இரண்டு நாடுகளில் படித்தவர். ஆனால் தம்முடைய புகைப்படத்தை வெளியிட விரும்பாதவர். மேடை தேடாதவர். மாலை வாங்காதவர். விளம்பரம் இல்லாதவரை உலகம் சீக்கிரம் மறந்துவிடும்.

படம் எடுத்த கதையை அவர் 'குமரி மலர்' பத்திரிகையில் எழுதியிருந்தார். நல்லவேளையாக அது அழியவில்லை. வரலாற்று ஆராய்ச்சியாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அந்தக் கட்டுரைகளைத் திரட்டினார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற பெயரில் 2003-ம் ஆண்டில் அது புத்தகமாக வந்தது. படத்தையும் அவர் விடாமல் தேடினார். கடைசியில் 1953-ம் ஆண்டின் இங்கிலீஷ் படம் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது!

கிடைத்தது சுருக்கப் படம்தான். 1940-ல் நம் தாத்தா பாட்டிமார் தமிழில் கேட்டுப் பார்த்த முழுப் படம் அல்ல. என்றாலும், ஒரு துண்டாவது மிஞ்சியதே என்று ஆறுதல் அடையலாம்.

நம் வீட்டுப் பரணில் பழைய போட்டோக்கள் இருக்கும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன பாட்டனார் எழுதிய கடிதங்கள் இருக்கும். குப்பை என்று நினைத்து எரித்துவிடுகிறோம். எரிப்பதற்கு ஒரு தீக்குச்சி போதும். எரிந்ததைத் திரும்பச் சேர்க்க லட்சம் மைல் சுற்றினாலும் போதாது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2-ந்தேதி பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. அன்று காந்தியடிகள் திரையில் வேகமாக நடந்து போவார். அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு அக்டோபர் 2-ந்தேதியைப் பற்றியும் சொல்லிவைப்போம். அன்று நடுக்கடலில் ஒரு கப்பல் போய்க்கொண்டு இருந்தது. அதில் கோட்டையூர்ப் பையன் ஒருவன் இருந்தான்.